தேர்ச் சக்கரமும் ஏரோப்ளேன் சக்கரமும்

பங்குனி கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை, மதுரை வில்லாபுரத்துல எங்க மாமா பட்டறையில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம். மாமான்னா அம்மா கூடப் பொறந்தவரு, முப்பது வருசத்துக்கு மேல லாரி, பஸ் மெக்கானிக், இஞ்சின் சத்தத்த வச்சே எங்க கோளாறுன்னு சொல்லிருவாரு. அக்கா மவன் ஒம்போதாவது படிக்கிறான், போனை நோண்டிக்கிட்டு இருந்தவன் திடீர்னு தலையத் தூக்கி, "ரன்வே முழுசையும் ஜிம்முல இருக்குற ட்ரெட்மில் மாதிரி ஒரே பெல்ட்டா மாத்திட்டாங்கன்னு வச்சுக்கங்க. அது மேல ஒரு ப்ளேன் நிக்குது. ப்ளேன் எவ்வளவு வேகமா முன்னாடி போகப் பாக்குதோ அதே வேகத்துல பெல்ட் பின்னாடி ஓடும். அந்த ப்ளேன் மேல ஏறுமா ஏறாதா?" அப்படின்னு கேட்டான்.

மாமா ஸ்பேனரக் கூட கீழ வைக்கல. "ஏறாது" அப்படின்னாரு. நானும் ஏறாதுன்னுதான் சொன்னேன். அவன், "ஏறும்னு போட்டுருக்கு"ன்னான். ஏன்டா ஏறும்னு கேட்டா அவனுக்குச் சொல்லத் தெரியல. அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு ஆடி மாசம் வரைக்கும் எங்க வீட்டுல ஓடுச்சு, அதத்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மாமா சொன்ன காரணத்த மொதல்ல சொல்லிர்றேன், ஏன்னா அது தப்பான காரணமே இல்ல. பிரேக் டெஸ்ட் பண்றதுக்கும், இஞ்சின் பவர் பாக்குறதுக்கும் தரையில ரோலர் பதிச்சு வச்சிருப்பாங்க. அது மேல வண்டிய ஏத்தி கியரப் போட்டு ஆக்சிலேட்டர மிதிச்சா சக்கரம் சுத்தும், ரோலரும் சுத்தும், ஸ்பீடாமீட்டர் அறுபது காட்டும், வண்டி மட்டும் இருந்த எடத்துலயே நிக்கும். "மாப்ள, தரை பின்னால போயிக்கிட்டே இருந்தா வண்டி எங்கிட்டுப் போகும்? ஓடாத வண்டிக்கு ரெக்கையில காத்து எப்படிப் படும்?" அப்படின்னு கேட்டாரு. பஸ்சுக்கு இது நூத்துக்கு நூறு சரி. ரெக்கையில காத்து படாம ப்ளேன் ஏறாதுங்கறதும் சரி. ரெண்டு சரியான விசயத்த சேத்து வச்சும் பதில் தப்பா வருதுன்னா கோளாறு நடுவுல எங்கயோ இருக்குன்னு அர்த்தம், ஆனா எங்கன்னு அன்னைக்கு எனக்கும் தெரியல.

சித்திரைத் திருவிழா வந்துச்சு. தேரோட்டத்தன்னைக்கு வெள்ளனயே போயிட்டேன், மாசி வீதியில நிக்க எடம் இல்ல. சாமியும் பிரியாவிடையும் பெரிய தேர்ல, மீனாட்சி சின்னத் தேர்ல. வடம் பிடிச்சு இழுக்குறோம், முன்னாடி நிக்கிறவங்க சத்தம் குடுக்குறாங்க, கால ஊனி ஒரே மூச்சா இழுத்ததும் தேர் லேசா ஆடி நகருது. சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டுக்கட்டையோட ஓடுறாங்கள்ல, அவங்களப் பாத்துக்கிட்டே வரும்போதுதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இம்புட்டுப் பெரிய சக்கரம் சுத்துது, ஆனா அந்தச் சக்கரம் தேர ஓட்டல. தேர ஓட்டுறது வடம். சக்கரம் தேர் போற போக்குக்குச் சுத்திக் குடுக்குது, அம்புட்டுத்தான். பஸ்சுல இஞ்சின் சக்கரத்தச் சுத்த வைக்கும், சக்கரம் தரைய பின்னால தள்ளும், அதனால பஸ் முன்னால போகும். தேர்ல அது தலைகீழ். மொதல்ல தேர் நகருது, அதனால சக்கரம் சுத்துது.

ஏரோப்ளேன் சக்கரமும் தேர்ச் சக்கரந்தான். இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸோ, கார்டன் ஷாஃப்டோ, செயினோ ஒண்ணுமே கிடையாது. இஞ்சின் காத்த முன்பக்கம் இழுத்து பின்பக்கம் தள்ளுது, பெரிய ஜெட் இஞ்சின் ஒரு செகண்டுக்கு நூத்துக்கணக்கான கிலோ காத்தத் தள்ளும், அந்தக் காத்து திருப்பி ப்ளேன முன்னால தள்ளுது. ஏர்போர்ட்ல பாத்துருப்பீங்க, பயணிகள் ஏறி முடிச்சதும் ஒரு டிராக்டர் மாதிரி வண்டி வந்து மூக்குச் சக்கரத்தப் பிடிச்சு பின்னாடி தள்ளிவிடும். சக்கரத்தச் சுத்த இஞ்சின் இருந்தா ரிவர்ஸ் போட்டு அதுவே போயிருக்குமே. இன்னொண்ணும் கவனிச்சுப் பாருங்க, எறங்குற ப்ளேனோட சக்கரம் தரையத் தொடுற நேரத்துல குப்புன்னு வெள்ளப் புகை வரும். அதுவரைக்கும் சுத்தாம தொங்கிக்கிட்டு இருந்த சக்கரம் ஒரே தொடுதல்ல இருநூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல சுத்த வேண்டி வருது, அந்தத் தேய்மானத்துல ரப்பர் கருகுற புகை அது. ஆகாசத்துல பறந்து வரும்போது சக்கரம் ஒரு வேலையும் பாக்கலங்கறதுக்கு அதவிட சாட்சி வேணாம்.

இதக் கொண்டுபோய் மாமாகிட்ட சொன்னேன். சந்தோசமா சொன்னேன்னுதான் சொல்லணும். தேர் சக்கரத்துக்கு அடியில மட்டும் ரோடு பின்னால ஓடுனாலும், வடம் பிடிச்சவங்க ஓடாத ரோட்டுல நின்னு இழுத்தா தேர் முன்னால வந்துதானே தீரும், சக்கரம் ரெண்டு மடங்கு வேகமா சுத்தும், வேற ஒண்ணும் ஆகாதுன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல. பீடிய அணைச்சுட்டு, "வடம் பிடிக்கிறவனும் அந்த பெல்ட்டு மேலயே நின்னா?" அப்படின்னாரு.

நான் இத எதிர்பாக்கல. உண்மையில கேள்வியோட உசுரே இங்கதான் இருக்குது. வடம் பிடிக்கிறவனும் பெல்ட்டு மேல நின்னா அவன் நடக்க நடக்க பெல்ட்டு அவனப் பின்னால கொண்டு போகும், தேர் நின்ன எடத்துல நிக்கும், அப்ப தேருக்கும் பஸ்சுக்கும் வித்தியாசமே இல்ல. ஆக சக்கரத்துக்கு இஞ்சின் இருக்கா இல்லையாங்கறது பாதி விசயந்தான். மீதி பாதி, நம்ம எத எத்தி எந்திரிக்கிறோம், கால எங்க ஊனுறோம்ங்கறது. பஸ்சு ஊனுறது ரோட்ட. அந்த ரோட்டையே பின்னால உருவிட்டா அதுக்கு நாதி இல்ல. ப்ளேன் ஊனுறது காத்த. பெல்ட்டு எம்புட்டு வேகமா வேணா ஓடட்டும், மேல இருக்குற காத்து சும்மாதானே நிக்குது, அது பெல்ட்டோட ஓடலையே. வடம் பிடிச்சவன் பெல்ட்டுக்கு வெளியில நிக்கிறான்.

மாமா, "சரி, ஆனா சக்கரம் பெல்ட்ட தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு, அது இழுக்காதா?" அப்படின்னாரு. இழுக்கும். எவ்வளவு இழுக்கும்ங்கறதுதான் கணக்கு. ஏ320 மாதிரி ஒரு ப்ளேன் முழு பாரத்தோட கிட்டத்தட்ட 78 டன். காத்தடிச்ச ரப்பர் டயர் கான்கிரீட் தரையில உருளும்போது வர்ற இழுப்பு அந்த எடையில சுமாரா நூத்துல ரெண்டு பங்கு, அதாவது ஒண்ணரை டன் எடையத் தூக்குறதுக்குத் தேவையான பலம். ரெண்டு இஞ்சினும் சேந்து தள்ளுறது கிட்டத்தட்ட 24 டன் எடைக்குச் சமமான பலம். இருபத்து நாலுக்கு முன்னாடி ஒண்ணரை என்ன செய்யும்? இதுல முக்கியமா மனசுல வாங்க வேண்டியது, இந்த உருளுற இழுப்பு பாரத்தப் பொறுத்து மாறுமே தவிர வேகத்தப் பொறுத்து பெருசா மாறாது. சக்கரம் ரெண்டு மடங்கு வேகமா சுத்துனா இழுப்பும் ரெண்டு மடங்கு ஆயிரும்னு நம்ம மனசு தானா நெனச்சுக்கிருது, அங்கதான் எல்லாரும் வழுக்குறோம்.

சொன்னா நம்புற ஆளு இல்ல மாமா, கையில பிடிச்சுப் பாக்கணும் அவருக்கு. அது நல்ல கொணம்னுதான் எனக்குப் படுது. ஜெய்ஹிந்துபுரத்துல என் கூட்டாளி ஒருத்தன் சின்னதா ஜிம் வச்சிருக்கான், மத்தியானம் ஆள் இல்லாத நேரமா வரச் சொன்னான். அக்கா மவனோட ஸ்கேட்டிங் போர்டு, வீட்டுல இருந்த பத்து கிலோ அரிசிப் பை, கொக்கி வச்ச டிஜிட்டல் தராசு ஒண்ணு, இம்புட்டுத்தான் கொண்டு போனோம். ட்ரெட்மில் மேல போர்ட வச்சு, அரிசிப் பைய மேல கட்டி, போர்டோட மூக்குல கயிறு போட்டு தராசுல மாட்டி, தராச ட்ரெட்மில்லோட முன்கம்பியில கட்டிட்டோம். பெல்ட்டு ஓடுனா போர்டு பின்னால போகப் பாக்கும், கயிறு பிடிச்சுக்கும், எவ்வளவு பலமா இழுக்குதுன்னு தராசு சொல்லிரும்.

நாலு கிலோமீட்டர் வேகத்துல ஓட விட்டோம். தராசு இருநூறு கிராமுக்கு அங்கிட்டு இங்கிட்டு ஆடுச்சு. எட்டுல வச்சோம், அதே இருநூறு சுத்துப்பட்டு. பன்னெண்டுல வச்சதும் சக்கரம் கடகடன்னு சத்தம் போட்டு சுத்துது, பையன் பயந்து தள்ளி நிக்கிறான், தராசப் பாத்தா கொஞ்சம் கூடியிருக்கு, அவ்வளவுதான், மூணு மடங்கெல்லாம் ஆகவே இல்ல. அப்புறம் மாமா கயிற தராசுலருந்து கழட்டிக் கையில வாங்கி, ட்ரெட்மில்லுக்கு வெளியில தரையில நின்னுக்கிட்டு, ரெண்டு விரலால பைய இழுத்தாரு. பன்னெண்டு கிலோமீட்டர் வேகத்துல பெல்ட்டு பின்னால பாயுது, அது மேல பத்து கிலோ அரிசி முன்னால ஊர்ந்து வருது. அவரு மூஞ்சிய அப்ப நான் பாத்தேன். திருப்பித் திருப்பி நாலஞ்சு தடவ பின்னால விட்டு முன்னால இழுத்துப் பாத்தாரு. அப்புறம் போர்டத் திருப்பி சக்கரத்தச் சுண்டிவிட்டுப் பாத்துட்டு, "நல்ல பேரிங்கு. பேரிங்கோட வேலையே அதானடா, கீழ நடக்குறத மேல சொல்லாம இருக்குறது" அப்படின்னாரு.

நான் படிச்ச எந்தப் பாடத்துலயும் இத இம்புட்டு அழகா யாரும் சொன்னதில்ல.

சரி, அப்ப பெல்ட்டுனால ஒண்ணுமே ஆகாதான்னா, ஆகும். ஏ320 மாதிரி ப்ளேன் மணிக்கு 270 கிலோமீட்டர் வாக்குல தரைய விடும். பெல்ட்டும் எதுத்தாப்புல 270ல ஓடுனா சக்கரம் 540 கிலோமீட்டர் வேகத்துல சுத்தணும். அந்த மாதிரி ப்ளேன் டயர் மேலயே அதிகபட்சம் எவ்வளவு வேகம் தாங்கும்னு அச்சடிச்சிருப்பாங்க, அது மணிக்கு 360 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். அதனால நெசமா ஒருத்தன் இப்படி ஒரு பெல்ட்டு கட்டுனா டயர் கிழிஞ்சு போக வாய்ப்பு இருக்கு. இது கேள்விக்குப் பதில் இல்லதான், ஆனா மாமாவுக்கு இந்த ஒரு தகவல் மேலதான் ரொம்ப நேரம் பேச்சு இருந்துச்சு, டயர்க்காரங்க கூட்டம் போட்டா இதத்தான் பேசுவாங்க போல.

இந்தக் கேள்விய ஊருக்கு ஊரு வேற வேற மாதிரி கேக்குறாங்கங்கறத பின்னாடிதான் புரிஞ்சுக்கிட்டேன், பாதி சண்டை அதனாலதான் வருது. பெல்ட்டு "ப்ளேனோட வேகத்துக்கு" ஓடும்னா ஒரு சிக்கலும் இல்ல, மேல சொன்ன கதைதான். சில பேரு பெல்ட்டு "சக்கரத்தோட வேகத்துக்கு" ஓடும்னு கேக்குறாங்க. ஒத்த வார்த்தைதான் மாறியிருக்கு, ஆனா கேள்வியே வேற ஆயிருது. சக்கரம் சுத்துற வேகம்ங்கறது ப்ளேன் முன்னால போற வேகமும் பெல்ட்டு பின்னால போற வேகமும் சேந்தது. அந்த மொத்தமும் பெல்ட்டு வேகத்துக்குச் சமமா இருக்கணும்னு சட்டம் போட்டா, ப்ளேன் வேகம் பூஜ்யமா இருந்தாத்தான் கணக்கு ஒத்துவரும். அதாவது ப்ளேன் நகராதுங்கறத கேள்வியிலயே ஒளிச்சு வச்சுட்டு, நகருமான்னு நம்மகிட்ட கேக்குறாங்க. எனக்கு இது நேர்மையான கேள்வியாப் படல.

இதுலயும் ஒரு ருசியான எடம் இருக்கு, விடக்கூடாது. பெல்ட்டு ஒரே வேகத்துல ஓடுனா சக்கரம் பெருசா இழுக்காதுன்னு பாத்தோம். ஆனா பெல்ட்டு வேகத்தக் கூட்டிக்கிட்டே போனா? சக்கரத்துக்கும் எடை இருக்கு, அத மேல மேல வேகமா சுத்த வைக்க பலம் வேணும், அந்தப் பலம் அச்சு வழியா ப்ளேனப் பின்னால தள்ளும். அப்ப அந்த வழியில ப்ளேன நிறுத்தி வைக்கலாம்தானே? சும்மா ஒரு கணக்குக்கு, சக்கரம் எல்லாம் சேந்து ப்ளேன் எடையில நூத்துல ஒரு பங்குன்னும், நடுவுல ஓட்டை இல்லாத தட்டு மாதிரி இருக்குன்னும், இஞ்சின் ப்ளேன ஒவ்வொரு செகண்டும் செகண்டுக்கு 2 மீட்டர்ங்கற கணக்குல வேகம் கூட்டப் பாக்குதுன்னும் வச்சுக்குவோம். அதத் தடுத்து நிறுத்த பெல்ட்டு ஒவ்வொரு செகண்டும் 400 மீட்டர் வேகம் கூட்டிக்கிட்டே போகணும். மொத செகண்டு முடியும்போதே பெல்ட்டு சத்தத்தோட வேகத்தத் தாண்டியிருக்கும், ஏன்னா காத்துல சத்தம் செகண்டுக்கு 340 மீட்டர் சுமாருக்குத்தான் போகும். ப்ளேன் ஓடி ஏற அரை நிமிசமாவது ஆகும். அந்த அரை நிமிசமும் இப்படி வேகம் கூடுற பெல்ட்டு எங்கயும் இருக்க முடியாது. ஆனாலும் "பெல்ட்டு ஒருக்காலும் ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு அடிச்சுச் சொல்றவங்களும் அவசரப்படுறாங்கங்கறதுக்காகச் சொல்றேன்.

அமெரிக்காவுல ஒரு டிவிக்காரங்க 2008ல இத நெசமாவே செஞ்சு காட்டியிருக்காங்க. ஒருத்தர் உக்காந்து ஓட்டுற சின்ன ப்ளேன், அதுக்கு அடியில ரொம்ப நீளமா ஒரு விரிப்பு, அந்த விரிப்ப ஒரு வண்டி எதுத்த பக்கம் இழுத்துக்கிட்டு ஓடுது. ப்ளேன் எப்பவும் போல ஓடி ஏறிடுச்சு. அத ஓட்டுன பைலட்டே மொதல்ல ஏறாதுன்னுதான் நெனச்சிருந்தாராம். ப்ளேன் ஓட்டுறவருக்கே அப்படின்னா, லாரியும் பஸ்சுமா வாழ்ந்த மாமா ஏறாதுன்னு சொன்னதுல என்ன தப்பு இருக்கு? நம்ம ஒடம்புக்குத் தெரிஞ்ச ஓட்டம் எல்லாமே தரைய எத்தி ஓடுறதுதான். நடக்குறது, சைக்கிள், டூவீலர், மாட்டு வண்டிய இழுக்குற மாட்டோட குளம்பு, எல்லாம்.

வேகம்னு ஒத்த வார்த்தையச் சொல்றோம், ஆனா எதப் பொறுத்த வேகம்னு யாரும் சொல்றதில்ல. ஆரியபட்டர் 499ல எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு, ஓடத்துல முன்னால போறவனுக்குக் அசையாம நிக்கிறதெல்லாம் பின்னால போற மாதிரி தெரியுதுல்ல, அதே மாதிரிதான் நிக்கிற நட்சத்திரம் நமக்கு மேக்க போற மாதிரி தெரியுதுன்னு. அந்த பெல்ட்டு மேல ஓடுற ப்ளேனுக்கு ஒரே நேரத்துல மூணு வேகம். பெல்ட்டப் பொறுத்து 540. பக்கத்துல நிக்கிற நமக்கு 270. காத்து அசையாம இருந்தா காத்தப் பொறுத்தும் 270. ரெக்கைக்கு இதுல வேண்டியது கடைசி ஒண்ணு மட்டுந்தான். ப்ளேன் மூக்குப் பக்கத்துல சின்னதா ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல வந்து மோதுற காத்த வச்சுத்தான் பைலட்டுக்கு முன்னாடி இருக்குற வேகமானி வேகம் காட்டுது. சக்கரத்தோட சுத்த எண்ணி இல்ல.

அதனாலதான் ஆடிக் காத்துல ஒரு பட்டம் நின்ன எடத்துல நின்னே மேல ஏறுது. நூலப் பிடிச்ச பையன் ஓடவே வேணாம், காத்து ஓடி வருது. பொயல் வரும்னா சின்ன ப்ளேனையெல்லாம் தரையில கயிறு போட்டுக் கட்டி வைக்கிறதும் அதுக்குத்தான். யோசிச்சுப் பாத்தா அந்த பெல்ட்டு ரொம்ப அகலமா, ரொம்ப நீளமா இருந்து, மேல இருக்குற காத்தையும் கொஞ்சம் தன்னோட பின்னால இழுத்துக்கிட்டுப் போனா, ப்ளேனுக்கு அது எதுத்தடிக்கிற காத்து. அப்ப பெல்ட்டு ப்ளேனுக்கு ஒத்தாசையில்ல செய்யுது. மாமாகிட்ட இதச் சொன்னப்ப அவரு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு.

ஆடி மாசம் ஒரு சாயங்காலம் மூணு பேரும் ஏர்போர்ட் இருக்குற பெருங்குடிப் பக்கம் போனோம். காத்துன்னா அப்படி ஒரு காத்து, மேக்க இருந்து மண்ண வாரி எறைக்குது. நம்ம ரன்வே கிழக்கு மேக்கா கெடக்குது, அன்னைக்கு மேக்கப் பாத்து ஓடித்தான் ஏறுவான், எதுத்துக் காத்து வந்தா சீக்கிரமே தரைய விடலாம்ங்கறதுக்காக. காம்பவுண்டுக்கு வெளியில பைக்க நிப்பாட்டிட்டு நின்னோம், எங்கள மாதிரி நாலஞ்சு குடும்பம் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு பக்கமும் காத்தாடி வச்ச ஏடிஆர் ப்ளேன் ஒண்ணு கெளம்புச்சு. ஓடி வந்து எங்கள நெருங்கும்போது மாமா ரெக்கையப் பாக்கல, குனிஞ்சு சக்கரத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. தரைய விட்டதுக்கு அப்புறமும் சக்கரம் சுத்திக்கிட்டே மேல போச்சு, கொஞ்ச நேரத்துல வயித்துக்குள்ள மடங்கிருச்சு.

திரும்பி வர்ற வழியில டீக்கடையில உக்காந்துருக்கும்போது அவரா ஆரம்பிச்சாரு. "மாப்ள, தண்ணியில எறங்கி தண்ணியிலருந்தே ஏறுற ப்ளேன் இருக்குல்ல. வைகையில ரெண்டு கரையும் தொட்டு வெள்ளம் வருதுன்னு வையி. ப்ளேன் போற வேகத்துக்கே வெள்ளமும் எதுத்து வருது. அது ஏறுமா?"

நான் பழக்க தோசத்துல, அதே கதைதான மாமா, காத்தத்தான தள்ளுது, ஏறும்னு சொல்ல வாயத் தொறந்தேன். சொல்லல. தண்ணி டயர் மாதிரி இல்ல. தண்ணிய அறுத்துக்கிட்டுப் போகும்போது வர்ற இழுப்பு வேகம் கூடக் கூட ஏறிக்கிட்டே போகும், வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்குக்குக் கிட்ட வரலாம், ப்ளேனுக்கு அடியில சக்கரத்துக்குப் பதிலா இருக்குற மெதவை தண்ணிக்கு மேல எழும்ப எழும்ப அது மாறவும் செய்யும். இஞ்சினுக்கு அந்த இழுப்ப மீறுற பலம் இருந்தா ஏறும், இல்லாட்டி நடுவுல திணறி நிக்கும். பையன் போன்ல கால்குலேட்டர எடுத்துட்டான், மெதவை எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் முங்கும்னு என்னையக் கேக்குறான்.

மாமா டீ டம்ளர பெஞ்சுல வச்சுட்டு, ஈரக் கைவெரலால ஒரு ப்ளேனும் அதுக்கு அடியில ரெண்டு நீளக் கட்டையும் வரைஞ்சாரு. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, "இதுக்கு அடியில பேரிங்கு வைக்க முடியாதே மாப்ள" அப்படின்னாரு.